புறம்போக்கு: வடசென்னைக் கழிமுகத்தில் காலனியம் விட்டுச்சென்ற சொல்

பிரித்தானிய ஆட்சி தான் ஆண்ட நாடுகளில் எவற்றை விட்டுச்சென்றது என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பொருள்களே விடையாகச் சொல்லப்படுகின்றன. வடசென்னையில் அத்தகைய பொருள்களுக்குக் குறைவில்லை. 1856-இல் வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது. அதற்குக் கிழக்கே சென்னைத் துறைமுகமும், ஊர்களின் நடுவே கறுத்து ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயும் அந்த ஆட்சியின் நினைவுச் சின்னங்களாகவே எண்ணப்படுகின்றன. ஆனால் நகரின் வட எல்லையைக் கடந்து, பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பட்டுக்கு வருபவர் அங்கே அந்த ஆட்சியின் கட்டடம் எதையும் தேடிக் காண வேண்டியதில்லை. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டிகளும், எஞ்சியிருக்கும் உப்பளப் பாத்திகளும், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகமும் ஒன்றையொன்று நெருக்கிக் கிடக்கும் அந்நிலப்பரப்பில் காலனியம் தங்கியிருக்கும் இடம் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கேடு. அதிலும் குறிப்பாகப் 'புறம்போக்கு' என்னும் ஒரு சொல்.

இச்சொல் ஆங்கிலேயர் படைத்ததன்று. பயிர் நிலத்துக்குப் புறம்பாகப் போனது என்னும் எளிய பொருளில், குடியிருப்பு, ஏரி, வாய்க்கால், களம், மேய்ச்சல் தரை, இடுகாடு ஆகியவற்றை விளைநிலத்திலிருந்து பிரித்துக் காட்டத் தமிழ்நாட்டு ஊர்க்கணக்குகளில் வழங்கிய சொல் அது. விளைச்சலில் பங்கு கேட்கும் அரசனின் கணக்கில் அந்நிலங்கள் சேரவில்லை என்பதே அதன் பொருளாக இருந்ததேயன்றி, அவை எவருக்கும் உரியவையல்ல என்பதோ பயனற்றவை என்பதோ அதன் பொருளாக இருந்ததில்லை. ஏரியில்லாமல் வயலும், மேய்ச்சலில்லாமல் ஏர்மாடும் இருக்க முடியாது என்பதை அறிந்தவர்கள் ஆக்கிய பாகுபாடு அது. இன்றைய பேச்சுவழக்கில் உருப்படாதவனைத் திட்டும் வசையாக அதே சொல் மாறியிருப்பது, இரண்டு நூற்றாண்டுகளில் அதற்கு நேர்ந்த கதியைச் சொல்லப் போதுமானது. அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதையும், அதன் விளைவு எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதியில் எவ்வாறு நிலைத்தது என்பதையும் ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

அத்திப்பட்டைச் சூழ்ந்த நாடு, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மிக முன்னதாகவே வந்துவிட்ட பகுதி. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி 1763-இல் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீர், அதாவது வருவாயை வசூலித்து அனுபவிக்கும் உரிமையோடு வழங்கப்பட்ட நிலப்பகுதி, சென்னையைச் சுற்றியிருந்த ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கொண்டது. 1767 முதல் 1774 வரை அவ்வூர்களை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அளந்து கணக்கெடுத்தார். 1794-இல் ஆட்சியராக வந்த லயனல் பிளேஸ் ஊர்க்காணி உரிமைகளைத் துருவி ஆராய்ந்து 1799-இல் நீண்டதோர் அறிக்கை அளித்தார். ஆகவே காலனிய அரசு நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பள்ளிகளுள் இப்பகுதியும் ஒன்று. அங்கே அது முதலில் எதிர்கொண்ட சிக்கல், பயிரிடாத நிலம் யாருடையது என்பதுதான்.

திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதத் தொடங்கியவரும், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-இலேயே எடுத்துக்காட்டியவருமான எல்லிஸ், சென்னை ஆட்சியராக இருந்தபோது மிராசு உரிமை குறித்து எழுதிய ஆய்வு 1818-இல் அச்சாயிற்று. மிராசு, அல்லது காணியாட்சி, என்பது ஓர் ஊரின் நிலத்திலும் வருவாயிலும் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு வழிவழியாக இருந்த பங்குரிமை. அவ்வுரிமை பயிரிட்ட வயலோடு நின்றுவிடாமல் ஊரெல்லைக்குள் கிடந்த தரிசையும் தழுவியது என்பது எல்லிஸின் துணிபு. அரசின் வருவாய் அதிகாரிகளுக்கு இது கசந்தது. தாமஸ் மன்றோ 1820-இல் ஆளுநராகி நிலைநிறுத்திய ரயத்துவாரி முறை, ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தீர்வை, அதைச் செலுத்த ஒரு பட்டாதாரர் என்று நிலத்தைத் துண்டு துண்டாக அரசோடு பிணைத்தது. அந்த முறையின் தருக்கப்படி, தீர்வை கட்டுபவர் ஒருவரின் பெயர் எதிரே இல்லாத நிலம் ஊருக்கு உரியதாக இருக்க இயலாது. அது சர்க்காருக்குரியதாகவே இருக்க வேண்டும். ஊர் என்னும் கூட்டு உரிமையாளருக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கம்பெனி வருவதற்கு முன்பு ஊர்ப்பொது என்பது ஊரார் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்று கற்பனை செய்வது, காலனியத்தைக் கண்டிக்க எளிதாக இருக்குமே தவிர உண்மையாகாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு உரிமை மேல்சாதிக் குடும்பங்களிடம் இருந்தது; சேற்றில் இறங்கி உழுத ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் காணியும் இல்லை, தரிசில் ஒரு குழி நிலத்துக்குத் தர்க்காஸ்து, அதாவது ஒப்படை கோரும் விண்ணப்பம், போட்டால் மிராசுதாரரின் மறுப்பைத் தாண்டி அது கைகூடுவதும் அரிது. அம்மாவட்டத்தின் ஆட்சியராகப் பொறுப்பு வகித்த ட்ரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை இந்நிலையை அரசின் முன் வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892-இல் பிறந்த அரசாணையின் வழியாகத்தான் பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற ஒப்படைகள் தொடங்கின. தரிசு அரசுக்கே உரியது என்ற கொள்கை இல்லாவிட்டால் அவற்றை வழங்க அரசுக்கு வழி இருந்திராது. அந்நிலங்களுள் பெரும்பகுதி பிறகு பிறர் கைக்குப் போயிற்று என்பது தனி வரலாறு. ஆயினும் காலனியச் சட்டம் ஒரே முகம் கொண்டதன்று என்பதை அத்திப்பட்டைப் பற்றிப் பேசும்போதும் மறந்துவிடலாகாது.

நிலத்தைப் பற்றிய இந்தக் கொள்கை நீரின்மேல் ஏறியபோதுதான் கழிமுகத்தின் கதை தொடங்குகிறது. 1905-ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், பொதுச் சாலைகள், ஆறுகள், ஓடைகள், ஏரிகள், கால்வாய்கள் இவற்றோடு, துறைமுகங்களிலும் கழிகளிலும் ஓதமட்டத்துக்குக் கீழே உள்ள தரையையும், தேங்கியதும் ஓடுவதுமான நீர் அனைத்தையும், தனியாருக்கோ பிறருக்கோ உரிமையுள்ளதாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, அரசின் உடைமை என்று அறிவித்தது. ஓதமட்டம் என்பது கடலேற்றத்தின்போது நீர் எட்டும் உயர்ந்த எல்லை. அந்த எல்லைக்குள் எண்ணூர்க் கழிமுகத்தின் சேறும் சிப்பித்திட்டும் அலையாத்திக் காடும் அடங்கிவிடுகின்றன. உரிமையை மெய்ப்பிக்கும் சுமை மீனவர்மீது விழுந்தது. மெய்ப்பிக்க வேண்டிய ஆவணமோ அவர்களிடம் இருக்கவில்லை.

ஆவணம் இல்லை என்பதால் முறையே இல்லை என்று கொள்வது தவறு. அத்திப்பட்டுக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் முறை இன்றும் உண்டு. இறால் வலை கட்டுவதற்கேற்ற நீர்ப்பகுதிகளை ஊர்களும் குடும்பங்களும் தமக்குள் வகுத்து, சீட்டுப் போட்டு, முறைவைத்து மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவர் நாளை மற்றொருவருக்கு அதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதற்குள்ளும் சாதி எல்லை உண்டு: பாட்டில் பங்கில்லாத இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறியில் சேர்க்கிறார்கள். யாருக்கு எந்த நீர், எந்த நாள், எந்தக் கருவி என்று இத்தனை நுணுக்கமாக வகுக்கப்பட்ட ஓரிடம், வருவாய்ப் பதிவேட்டில் புல எண்ணையும் 'சர்க்கார் புறம்போக்கு' என்ற குறிப்பையும் மட்டும் தாங்கி நிற்கிறது. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கணக்கில் 'கழுவெளி'ப் புறம்போக்காகக் கிடந்து, குப்பைமேடும் கட்டடங்களும் எழுந்தபின்பே சதுப்பு நிலம் என்று போற்றப்படலானதும் இதே வகையைச் சேர்ந்தது.

வருவாய் தராததை வெறுமை என்று கொண்ட அரசு, கழிமுகத்தில் வருவாய் தந்த ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டது. அது உப்பு. கழியின் உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, உப்பு வாரும் தொழில் இக்கடற்கரைக்குப் புதிதன்று. கம்பெனி 1805-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் சென்னை மாகாணத்தின் உப்பு முழுவதையும் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. விளைத்தவர் அனைத்தையும் அரசின் கொட்டாரத்தில் ஒப்படைத்தாக வேண்டும், அரசு வைத்த விலைக்கே மற்றவர் வாங்கியாக வேண்டும் என்பது ஏற்பாடு. பண்டகசாலையைக் குறிக்கும் இந்தக் 'கொட்டாரம்' என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கில வாயில் திரிந்து, சென்னை சென்ட்ரலை அடுத்த 'சால்ட் கோட்டார்ஸ்' சரக்கு நிலையத்தின் பெயராயிற்று. பலரும் நினைப்பதுபோல அது உப்புக்காரர் குடியிருப்பு அன்று. பிற்காலத்தில் தனியுரிமை தளர்ந்து தீர்வை முறை வந்தபோதும் பிடி தளரவில்லை. ஏறத்தாழ 37 கிலோ கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு 1907-இல் ஒரு ரூபாயாக இருந்த தீர்வை பின்னர் ஏறி, 1923-இல் சட்டப்பேரவை மறுத்தும் வைசிராயின் தனி அதிகாரத்தால் இரண்டரை ரூபாயாக இரட்டிக்கப்பட்டு, மறு ஆண்டே பாதியாகக் குறைக்கப்பட்டது. 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும், 1931 மார்ச்சில் கையெழுத்தான காந்தி–இர்வின் உடன்படிக்கையில் கடலோர ஊரார் தம் தேவைக்கு உப்பெடுத்துக்கொள்ள இசைவு கிடைத்ததும் பள்ளிப் பாடங்களிலேயே இடம்பெற்றவை.

அப்பாடங்கள் சொல்லாமல் விடுவது அதற்குப் பின் நடந்தது. 1947 ஏப்ரல் முதல் உப்பு வரி நீங்கியது; உப்பளத் தரையின்மீது அரசுக்கிருந்த உடைமை நீங்கவில்லை. மாகாண அரசும் பிரித்தானிய முடியும் வைத்திருந்த சொத்துகள் ஒன்றிய, மாநில அரசுகளுக்குச் சேரும் என்று அரசமைப்பின் 294-ஆம் உறுப்பும், பழைய சட்டங்கள் நீக்கப்படும்வரை செல்லும் என்று 372-ஆம் உறுப்பும் கூறுகின்றன. உப்பு ஒன்றியப் பட்டியலின் 58-ஆம் இனமாக அமைந்தது. உப்பு ஆணையரின் அலுவலகம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. எண்ணூரும் அத்திப்பட்டும் வல்லூரும் சூழ்ந்த உப்பு நிலங்களில் வெள்ளைப் பாறையாய் உப்பு விளைந்த பாத்தி ஒன்றிய அரசுக்கும், அதற்கு நீர் கொடுத்த கழி மாநில அரசுக்கும் உடைமையாக, தலைமுறை தலைமுறையாக வரப்பு மிதித்து உப்பு வாரியவர்கள் கூலிக்காரர்களாகவே நின்றார்கள். காந்தியின் கைப்பிடி உப்பு வரியைக் கரைத்ததே தவிர, அந்தத் தரையை யாருடையது என்று கேட்கவில்லை. விடுதலைப் போராட்டத்தின்மேல் இதைக் குற்றமாகச் சுமத்துவதற்கில்லை. ஆனால் அந்தப் போராட்டம் தொட்ட எல்லை எது என்பதை இது காட்டுகிறது.

உப்போடும் விறகோடும் பிணைந்தது கால்வாயின் கதை. சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர்க் கழிவரை பேசில் காக்ரேன் என்பவர் வெட்டிய கால்வாய் 1806-இல் முடிந்தது. பின்னர் அது பழவேற்காட்டைக் கடந்து ஆந்திரக் கரையிலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னகத்தை அழித்தபோது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரான பக்கிங்ஹாமின் பெயரே முழுக் கால்வாய்க்கும் நிலைத்தது. அந்தப் பஞ்சத்தில்தான், நிவாரணச் செலவை மேற்பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், வேலைக்கு வருபவனின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானிய அளவுக்குக் குறைக்கச் செய்தார். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் அள்ளிய மண்ணால் ஆன கரைகளை, படகுப் போக்குவரத்து ரயிலுக்குத் தோற்றுப்போனபின் அரசு மறந்தது. மறந்த கால்வாயும் புறம்போக்கே என்பதால், நகரின் தென்பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்களை அதன் நீரிலேயே நட யாரிடமும் நிலம் வாங்க வேண்டியிருக்கவில்லை.

துறைமுகத்தின் விளைவு இதைவிட வெளிப்படையானது. ஆயினும் அதைக் காலனியத்தின் கணக்கில் எழுதுபவர் சிலரே. சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. 1870-களில் தொடங்கிக் கடலுக்குள் நீட்டப்பட்ட துறைமுகச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கே மறித்தன. மறிக்கப்பட்ட மணல் மெரினாவாக அகன்றது. மணல் வராத வடக்கே இராயபுரமும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் கரையைக் கடலுக்குக் கொடுத்தன. நகரம் மாலைக்காற்று வாங்கும் மணற்பரப்பும், வடசென்னை மீனவர் வீட்டு வாசலில் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களும் ஒரே சுவரின் இரு பக்கங்கள்.

விடுதலைக்குப் பின் வந்த அரசு, இந்தப் பதிவேட்டை மாற்றி எழுதாமல் அப்படியே கையாண்டது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையமும், 1990-களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும், பின்னர் 600 மெகாவாட் அலகுகள் இரண்டும், 2010-களில் வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்றும் எழுந்தன. நிலக்கரி இறக்குவதற்கென்று திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டத்தின்கீழ் 1999 மார்ச்சில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2001-இல் திறக்கப்பட்டு, இன்று காமராசர் துறைமுகம் என்று வழங்குகிறது. மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் வேண்டியிருந்தது என்பதிலும், அதை எங்கேனும் ஆக்கியே தீர வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. இந்த 'எங்கேனும்' ஏன் மீண்டும் மீண்டும் இதே கழிமுகமாக இருந்தது என்பதே கேள்வி. கடலருகு, குளிர்விக்க நீர், ரயில்பாதை, பெருநகரம் என்னும் காரணங்களோடு, பட்டாதாரர் குறைந்த, பெரும்பகுதி அரசுக் கணக்கிலேயே கிடந்த பரப்பு என்பதும் சேர்ந்துகொண்டது. 2001-இல் வெளிவந்த 'சிட்டிசன்' திரைப்படம், அத்திப்பட்டி என்னும் மீனவர் ஊர் வரைபடத்திலிருந்தே துடைக்கப்பட்டதாகக் கதை சொன்னது. உண்மையான அத்திப்பட்டை யாரும் துடைக்க வேண்டியிருக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த நீர் முன்பே கணக்கில் வெற்றிடமாக எழுதப்பட்டிருந்தது.

இதே தருக்கம் பிரித்தானிய ஆட்சி சென்ற இடமெல்லாம் சென்றது. இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரேறாத நிலமும் மறுப்பு மெய்ப்பிக்கப்படும்வரை முடிக்கே உரியவை என்றது. அவ்வாறு வெறுமை என்று எழுதப்பட்ட கண்டி மலைச்சாரலில் எழுந்த காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்குமே தமிழ்நாட்டு மக்கள் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவில் எவருக்கும் உரியதல்லாத நிலம் என்னும் கோட்பாட்டை அந்நாட்டு உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் 1992-இல்தான் தள்ளியது. நியூசிலாந்தில் மவோரி மக்கள் கடற்கரைக்கும் கடலடித் தரைக்கும் உரிமை கோரலாம் என்று 2003-இல் நீதிமன்றம் சொன்னதும், மறு ஆண்டே அரசு அத்தரையைத் தன்னுடையதாக்கிச் சட்டம் இயற்றியது. எதிர்ப்பு ஓயாததால் 2011-இல் அச்சட்டம் நீக்கப்பட்டு வேறொன்று வந்தது. அந்நாடுகளில் வந்தேறியவரும் முன்னரே இருந்தவரும் எதிரெதிராக நின்றதால் கேள்வி கூர்மையாக எழுந்தது. இந்தியாவில் அரசு மக்களுடையது என்ற நம்பிக்கையே அக்கேள்வியை மழுங்கச் செய்தது.

1905-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு 'பி மெமோ' என்று ஊரார் அறியும் தண்டத்தீர்வை அறிவிப்பு அதன்படியே வருகிறது. ஏரிகளை மீட்க நீதிமன்றங்கள் ஆணையிடும்போதும் அச்சட்டமே துணைநிற்கிறது, அந்த அளவில் அதற்கு நற்பயனும் உண்டு. ஆனால் ஆக்கிரமிப்பு என்னும் குற்றத்தை உடைமையாளர் செய்ய முடியாது என்பது அச்சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அத்திப்பட்டிலிருந்து செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்குச் செல்லும் குழாய்களில் ஏற்பட்ட கசிவு ஆண்டுக்கணக்கில் கழியில் இறங்கி, படகு மிதந்த இடத்தைச் சாம்பல் சேறாக்கியபோது, மீனவர்கள் தீர்ப்பாயத்தை நாடியது சுற்றுச்சூழல் சட்டங்களின் துணையோடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் அந்த வழக்கில் தீர்ப்பளித்ததும் அச்சட்டங்களின்படியே. நிலச் சட்டத்தில் அவர்கள் கேட்பதற்கு எதுவும் இருக்கவில்லை. ஆழம் இருந்த காலத்தில் கழியின் தரை ஓதமட்டத்துக்குக் கீழே கிடந்த சர்க்கார் புறம்போக்கு. சாம்பல் ஏறி, நீர் எட்டாத மேடாகிவிட்ட பிறகும், ஆண்டுதோறும் ஜமாபந்தியில் பசலிக் கணக்கு முடிக்கும் அலுவலர் அதன் எதிரே எழுத வேண்டிய சொல் அதுவேதான்.